பிடிக்காத சமையலறையில் 15 ஆண்டுகள்

எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற ஆள். பாரிஸ் நகரத்தில் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் எடுபிடி வேலை பார்த்த காலத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னது இது. கால் வேறு சரியில்லை. போரில் பட்ட காயம். நொண்டித்தான் நடப்பார். பேரம் பேச வராது. இப்படிப்பட்ட ஒருவரை ஒரு துறவற மடம் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு, எந்த இடத்தில் கைதவறினால் அதிகம் உடையுமோ அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டது. மடத்தின் சமையலறை. அங்கே அவர் 15 ஆண்டுகள் இருந்தார்.

அவர் பெயர் சகோதரர் லாரன்ஸ். 17-ம் நூற்றாண்டு பிரான்ஸ் நாட்டுக்காரர். பெரிய பிரசங்கியார் இல்லை, குருப்பட்டம் பெற்றவரும் இல்லை. அவருடைய சில உரையாடல்களும் 16 கடிதங்களும் சேர்ந்த ஒரு சின்னப் புத்தகம் மட்டும் இன்றுவரை உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. கடவுளின் பிரசன்னத்திலேயே வாழப் பழகுவது என்பது அதன் தலைப்புக்குப் பொருள். கத்தோலிக்கத் துறவியின் புத்தகம்தான். ஆனால் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைச் சுருக்கித் தன் நூல்வரிசையில் சேர்த்துக்கொண்டார். சபை வேறுபாடு பார்க்காமல் வீட்டுக்கு வீடு போன புத்தகம் அது.

அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள். காலையில் வேதப்புத்தகத்தைத் திறந்த மறு நிமிடம் குக்கர் விசில் அடிக்கும். எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தால், எந்த வசனத்தில் விட்டோம் என்று தெரியாது. பிள்ளைக்கு ஒரு காலுறை கிடைக்காது. மாமனாருக்கு மாத்திரை நேரம். ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்தால் மூன்றாவது மணியிலேயே தலை சாயும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கிற பக்தி செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் எங்கே போகிறது என்று யோசிக்கிறவர்கள். சமையலறையில் இருந்துகொண்டே கடவுளோடு இருந்த ஒருவர் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவர்களுக்கு ஆசை வருகிறது. நியாயமான ஆசைதான். ஆனால் அந்த நிம்மதிக்கு முன்னால் அவர் பட்ட பாட்டை, அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மன். 1614-ஐ ஒட்டி லொரேன் பகுதியில், லூனெவில் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அதிகம் படிக்கவில்லை. 18 வயதில், பனிக்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் இதில் இலை வரும், பிறகு பூ வரும், காய் வரும் என்று தோன்றியது. அவ்வளவுதான். தரிசனமும் இல்லை, குரலும் இல்லை. அந்த ஒரு நினைப்பில் கடவுளின் வல்லமையும் பராமரிப்பும் தன் மனத்தில் பதிந்ததாகவும், பிறகு அது மறையவே இல்லை என்றும் 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சொன்னார்.

மரத்தைப் பார்த்து மனம் மாறியவர் நேரே மடத்துக்குப் போகவில்லை. ராணுவத்துக்குப் போனார். ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மன் சிப்பாய்கள் அவரைப் பிடித்து, உளவாளி என்று சந்தேகப்பட்டு, தூக்கில் போடுவதாக மிரட்டினார்கள். அவர் கலங்காமல் நின்றதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பிறகு சுவீடன் படையோடு நடந்த சண்டையில் காயம்பட்டு வீடு திரும்பினார். அந்தக் காயம் கடைசிவரை கூட வந்தது.

அதற்கப்புறம் தனிமையில் தவ வாழ்க்கை வாழ்ந்து பார்த்தார். ஒத்துவரவில்லை. ஒருநாள் மனம் குளிர்ந்திருக்கும், மறுநாள் காரணமில்லாமல் கலங்கும். ஒருநாள் உற்சாகம், மறுநாள் சோர்வு. ஆள் அரவம் இல்லாத இடத்தில் மனம் போன போக்கில் வாழ்வது தன்னைப் போன்றவருக்குச் சரிப்படாது, கூட நாலு பேரும் ஓர் ஒழுங்கும் வேண்டும் என்று புரிந்துகொண்டார். "வேலை, வீடு எதுவும் இல்லாமல் எங்கேயாவது மலைப்பக்கம் போய் உட்கார்ந்தால் நன்றாக ஜெபம் வரும்" என்று ஏங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம். அவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

1640-ல் பாரிஸில் வொழிரார் தெருவிலிருந்த கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். அவருடைய எதிர்பார்ப்பு வேடிக்கையானது. அங்கே போனால் தன் மடத்தனத்துக்கும் தவறுகளுக்கும் தோலை உரித்துவிடுவார்கள், வாழ்க்கையின் சந்தோஷங்களையெல்லாம் கடவுளுக்குப் பலியாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிப் போனாராம். கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார், திருப்திதான் கிடைத்தது என்று பின்னாளில் சொன்னார். 1642-ல் வார்த்தைப்பாடு கொடுத்தார். குருவாவதற்கான படிப்பு அவருக்கு இல்லை. தொண்டுச் சகோதரர் என்ற நிலை. அதாவது மடத்தின் உடல் உழைப்புக்கான ஆள். மற்றவர்கள் பாட்டுமண்டபத்தில் சங்கீதம் பாடும்போது, அவர்களுக்குச் சாப்பாடு தயார் பண்ண வேண்டியவர்.

சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கூச்சமோ சோம்பலோ அல்ல. இயல்பாகவே அந்த வேலை மேல் ஒரு வெறுப்பு. இதையும் அவர் மறைக்கவில்லை. அடுப்படி என்றால் இன்றைய அடுப்படி இல்லை. விறகு, புகை, குழாயில் வராத தண்ணீர், பெரிய அண்டாக்கள், இறைச்சியைத் தவிர்க்கிற ஒழுங்குள்ள ஒரு சபைக்கு நாள் தவறாமல் முட்டையும் மீனும் காய்கறியும். கோயில் மணி அடித்தால் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு வேறு பொருள் கேட்டுக் கூப்பிடுவார்கள். அதெல்லாம் நடுவில் நடக்கும்போதும் கோயிலில் நற்கருணையின் முன்னால் மண்டியிட்டிருக்கும்போது இருக்கிற அதே அமைதி தனக்கு இருந்தது என்று அவர் சொன்னதுதான் அவரைப் பற்றி அதிகம் பரவிய செய்தி. வாழ்த்து அட்டைகளிலும் வாட்ஸ்அப் படங்களிலும் வருவது இதுதான். இது உண்மையும்கூட. ஆனால் அவர் அதைச் சொன்னபோது மடத்துக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

முதல் 10 ஆண்டுகள் அப்படி இல்லை.

நவதுறவியாக இருந்தபோது, ஜெபத்துக்கென்று ஒதுக்கிய நேரங்களில் மரணம், தீர்ப்பு, மோட்சம், நரகம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி தியானம் செய்தார். மற்ற நேரமெல்லாம், வேலைக்கு நடுவிலும், கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைப்பைக் காப்பாற்றப் பார்த்தார். அந்த முயற்சியோடு கூடவே ஒரு பயம் வந்தது. தான் விரும்பிய அளவுக்குக் கடவுளுக்குரியவனாக இல்லை என்ற பயம். பழைய பாவங்கள் கண்முன் நிற்கும். எதற்கும் தகுதியில்லாத தனக்குக் கடவுள் நல்லது செய்கிறார் என்று நம்புவதே ஆணவமோ என்று ஒரு சந்தேகம். ஒருகட்டத்தில் அது முற்றி, தனக்கு மீட்பே கிடையாது, நரகம்தான் என்று உறுதியாக நம்பத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் அந்த எண்ணம் அவரை விடவில்லை. யார் சொல்லியும் மனம் கேட்கவில்லை. மனிதர்கள், தன் சொந்த அறிவு, கடவுள் எல்லாமே தனக்கு எதிராக நிற்பதுபோல் இருந்தது. தன் பக்கம் மிச்சமிருந்தது விசுவாசம் ஒன்றுதான் என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அவர் வேலை என்ன? விறகு அடுக்கினார், காய் நறுக்கினார், சட்டி தேய்த்தார். மணி அடித்தபோது சாப்பாடு தயாராக இருந்தது. தான் நரகத்துக்குப் போவது நிச்சயம் என்று நம்புகிற ஒரு மனிதர், தனக்குப் பிடிக்காத வேலையை, யாருக்கு எதிரி ஆகிவிட்டோம் என்று பயப்படுகிறாரோ அந்தக் கடவுளுக்காகவே செய்துகொண்டிருக்கிறார். நாலு நாளோ நாலு வாரமோ அல்ல, நாலு வருஷம்.

ஏன் எழுந்து போகவில்லை? அவர் எடுத்த முடிவு மிகவும் எளிமையானது. கேட்க எளிமையாக இருக்கிறதே தவிர லேசானதல்ல. மடத்துக்கு வந்தது கடவுள் மேலுள்ள அன்புக்காக. இதுவரை செய்ததெல்லாம் அதற்காகத்தான் செய்யப் பார்த்தேன். இனி எனக்கு மோட்சம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, சாகும்வரை அவருக்காகவே செய்துகொண்டிருப்பேன்; குறைந்தது அந்த ஒரு நன்மையாவது எனக்கு மிஞ்சும். இப்படித்தான் அவர் தனக்குள் வாதாடித் தீர்த்துக்கொண்டார். கணக்குப் பார்க்கத் தெரியாத மனிதர் என்று சொன்னோமே. லாப நட்டத்தையே புத்தகத்திலிருந்து கிழித்துப் போட்டுவிட்டார்.

இந்த முடிவு எடுத்த மறுநாளே நிம்மதி வந்துவிடவில்லை. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசியில், சரி, வாழ்நாள் முழுக்க இந்தக் கலக்கத்தோடேயே இருந்து செத்துப்போகிறதுதான் நமக்கு விதித்தது என்று ஒப்புக்கொண்ட ஒரு கட்டத்தில், திடீரென்று எல்லாம் மாறியது. தன் ஆத்துமா அதன் மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல ஓர் ஆழ்ந்த அமைதி. ஏன் அன்றைக்கு வந்தது, ஏன் அதற்கு முன் வரவில்லை என்பதற்கு அவரிடம் விளக்கம் எதுவும் இல்லை. தான் செய்த ஏதோ ஒன்றுக்குக் கூலி என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இந்த நேர்மைக்காகவே அவரை நம்பலாம்.

இப்போது, அந்தப் பழக்கம் என்ன என்று பார்க்கலாம். ஏமாற்றமாகத்தான் இருக்கும். முறை என்று எதுவுமே இல்லை. ஒரு வேலையைத் தொடங்கும்போது, ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர், இந்த வேலை உம்முடைய கட்டளை, கூட இருந்து உதவும் என்று இரண்டு வார்த்தை. வேலைக்கு நடுவில் அவ்வப்போது ஒரு நினைப்பு. முடிந்ததும், ஒழுங்காகச் செய்திருந்தால் நன்றி, இல்லாவிட்டால் மன்னிப்பு. வாணலியில் முட்டையைத் திருப்பிப் போடுவதும் கடவுளுக்காகத்தான். அது வெந்து வேறு வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுந்துகொள்வார். கீழே கிடக்கிற ஒரு வைக்கோல் துரும்பை அவருக்காக எடுத்துப் போட முடிந்தாலும் போதும் என்பார். இவ்வளவுதான் அவர் முறை.

சொல்வது சுலபம், மனம் நிற்க வேண்டுமே? நிற்காது என்பதை அவரும் ஒத்துக்கொள்கிறார். ஜெப நேரத்தில் மனம் அலைகிறது என்று கடிதத்தில் முறையிட்ட ஒருவருக்கு, உங்களுக்கு மட்டும் நடக்கிற புதுமை அல்ல என்று பதில் எழுதினார். மனம் ஓடினால் அதற்காகப் பதற வேண்டாம். பதற்றம் இன்னும் தூரமாகத்தான் ஓட வைக்கும். அமைதியாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நீளநீளமாகப் பேசவும் வேண்டாம். பணக்காரன் வாசலில் வாய்பேச முடியாத, கைகால் வராத ஒரு பிச்சைக்காரன் எப்படிச் சும்மா கிடப்பானோ அப்படிக் கிடந்தால் போதும் என்றார். வேறொரு இடத்தில், சிற்பி முன்னால் வைத்த கல்லைப்போலத் தன்னை நினைத்துக்கொள்வதாக எழுதினார். வேலைநாளில் மனத்தை இஷ்டத்துக்கு அலைய விட்டுவிட்டு, ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் நில் என்றால் அது நிற்குமா என்பது அவருடைய கேள்வி. பகலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பழக்கினால் ராத்திரி ஜெபத்திலும் அது அவ்வளவாகத் திமிறாது.

இதைவிட உதவுகிற ஒரு விஷயம் அவர் தவறுகளைக் கையாண்ட விதம். ஒருநாளில் நடப்பதை எடுத்துக்கொள்ளலாம். காலை ஜெபம் முடித்து எழுந்த அம்மா, பத்து நிமிஷத்துக்குள் பால் கொட்டிவிட்ட பிள்ளையை ஊரே கேட்கிற மாதிரித் திட்டிவிடுகிறார். அதற்கப்புறம் அன்று முழுக்க ஒரு குற்றவுணர்வு. ஜெபம் பண்ணிவிட்டு இப்படிப் பேசினோமே, இதெல்லாம் என்ன பக்தி, இனி எந்த முகத்தோடு கடவுளிடம் பேசுவது என்று ஒரு யோசனை. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரவே மனம் வராது. ஒரு நிமிஷக் கோபம் ஒரு நாளைச் சாப்பிட்டுவிடுகிறது. பல வீடுகளில் விசுவாசம் தளர்ந்துபோவது பெரிய சோதனைகளால் அல்ல, இந்த மாதிரி வெட்கத்தால்தான். மரணமும் நோயும் வந்த வீடுகளில் ஆட்கள் கோயிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கோபமும் அலுப்பும் தினமும் வருகிற வீடுகளில் சத்தமில்லாமல் நழுவுகிறார்கள்.

லாரன்ஸ் சகோதரர் இந்த வெட்கத்துக்கு நேரம் கொடுக்கவில்லை. தவறினால், அதை ஒப்புக்கொள்வார். நீர் என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் இருப்பேன், விழாமல் பார்த்துக்கொள்ளும், கெட்டதைச் சரிப்படுத்தும் என்று கடவுளிடமே சொல்லிவிடுவார். சொன்னபின் அதை மறுபடி மறுபடி கிண்ட மாட்டார். எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பலநாள் கடவுளை நினைக்கவே இல்லை என்று உறைத்தாலும் அதேதான். அதற்காகக் கலங்கிக்கொண்டிருக்காமல், அவரை மறந்தது எவ்வளவு பரிதாபம் என்று ஒத்துக்கொண்டு, முன்னைவிட அதிக நம்பிக்கையோடு திரும்பிவிடுவார். இது அலட்சியம் போலத் தோன்றலாம். அப்படியல்ல. தன் மேல் தனக்கு எந்தப் பிரமையும் இல்லாததால், விழும்போது அவருக்கு ஆச்சரியம் இல்லை. பாத்திரம் உடைத்துப் பழகிய மனிதர் அல்லவா.

அவர் கால் ஊனத்தோடு மது வாங்கப் போன கதையையும் இங்கே சொல்லிவிடலாம். மடத்துக்கு வருஷத்துக்குத் தேவையான திராட்சை மது வாங்க பர்கண்டி பகுதிக்கு அவரை அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இதே வேலைக்கு ஓவேர்ன் பகுதிக்குப் போய்வந்திருந்தார். வியாபாரம் தெரியாதவரை ஏன் அனுப்பினார்கள் என்பது மடத்துப் பெரியவர்களுக்குத்தான் வெளிச்சம். படகுப் பயணம். காலை ஊன்றி நிற்க முடியாததால், படகில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக வேண்டுமானால் மதுப் பீப்பாய்களின் மேல் படுத்து உருண்டுதான் போக வேண்டியிருந்தது. சுற்றிலும் படகுக்காரர்கள். இந்த வேலை உம்முடையது, என்னுடையதல்ல என்று கடவுளிடம் சொல்லிவிட்டு உருண்டுபோனார். வாங்கியது நல்லபடியாகவே முடிந்தது. எப்படி முடிந்தது என்று தனக்கே தெரியாது என்றார். முட்டைக் கதையைச் சொல்கிற பலர் இந்தப் பீப்பாய்க் கதையை விட்டுவிடுகிறார்கள். அதில் அழகு குறைவு என்பதால் இருக்கலாம். ஆனால் பிடிக்காத வேலைக்கு, வராத வேலைக்கு, நாலு பேர் பார்க்க அசிங்கமாகச் செய்ய வேண்டிய வேலைக்குத் தினமும் கிளம்புகிறவர்களுக்கு முட்டையைவிடப் பீப்பாய்தான் பக்கம்.

"அவருக்கென்ன, துறவி. பிள்ளையா குட்டியா, வாடகையா கடனா?" என்ற கேள்வி எழும். எழ வேண்டியதுதான். மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்துபோகிற பயம் அவருக்குத் தெரியாது. காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருக்கும் ராத்திரி தெரியாது. அந்த வித்தியாசத்தை மழுப்ப முடியாது. ஆனால் ஒன்று. அவர் நேரம் அவர் கையில் இருந்ததில்லை. எப்போது எழுவது, எந்த வேலை செய்வது, எவ்வளவு நாள் செய்வது எல்லாம் மற்றவர்கள் முடிவு. ஒரு மருமகளின் நிலையும் ஒரு கடைநிலை ஊழியரின் நிலையும் இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அவர் கடிதம் எழுதியதும் துறவிகளுக்கு மட்டுமல்ல. இல்லற வாழ்க்கையில் இருந்தவர்களுக்கும், நோயாளிகளுக்கும் எழுதினார். ராணுவத்தில் இருந்த ஒருவருக்குச் சொல்லும் ஆலோசனையில், தானும் பழைய சிப்பாய் என்பதால், கையில் கத்தியோடு நடந்துபோகும்போது மனத்தை ஒருகணம் உயர்த்தினாலும் அது ஜெபம்தான், அது தைரியத்தைக் குறைக்காது, கூட்டும் என்றார். யாரிடமும் வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் எழுதவில்லை. ஒரேயடியாகப் புனிதராகிவிட அவசரப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி எழுதும்போது, நல்ல எண்ணம்தான், ஆனால் அருளையே முந்திக்கொண்டு ஓடப் பார்க்கிறார் என்று மெல்லக் கடிந்துகொண்டார்.

வயதும் கால்வலியும் கூடியபோது சமையலறையிலிருந்து அவரை மாற்றிச் செருப்புத் தைக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். கார்மேல் சபையின் அந்தக் கிளைத் துறவிகள் தோலால் மூடிய காலணி போடமாட்டார்கள், திறந்த செருப்புதான். அறுந்ததைத் தைத்துக் கொடுப்பது இவர் வேலை. உட்கார்ந்து செய்கிற அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதையும் சொன்னார், நாளைக்கே விடச் சொன்னாலும் விட்டுவிடுவேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அந்தச் செருப்புத் தைக்கும் காலத்தில்தான் ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஜோசப் தெ போஃபோர் என்ற குரு 1666 ஆகஸ்ட் 3 அன்று முதன்முதலாக அவரைச் சந்தித்துப் பேசியதைக் குறித்து வைத்தார். இன்று கிடைக்கிற உரையாடல்கள் அவர் குறித்தவைதான். பிற்காலத்தில் ஆயராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற ஃபெனலோனும் அவரைப் போய்ப் பார்த்தார். கடும் நோயில் படுத்திருந்தவர் சிரித்த முகமாக இருந்ததும், பார்வைக்கு முரட்டு ஆளாகத் தெரிந்தவரின் உள்ளே இருந்த நுட்பமும் ஃபெனலோனின் மனத்தில் நின்றன.

தள்ளாத வயதில் ஒரு துறவி அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், தன்னைவிடவும் கஷ்டப்படுகிற அவரைத் தேற்றுகிறார். வலி போகட்டும் என்று ஜெபிப்பதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தாங்கப் பலம் கிடைக்க ஜெபிப்பதாகத்தான் எழுதினார். 1691 பிப்ரவரி 6 அன்று எழுதிய கடைசிக் கடிதத்தில், இன்னும் சில நாளில் ஆண்டவரைப் பார்த்துவிடுவேன் என்று நம்புகிறேன் என்று குறிப்பிட்டார். ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 12 அன்று இறந்தார். ஒருகாலத்தில் தனக்கு நரகம்தான் என்று நாலு வருஷம் உறுதியாக நம்பிக்கொண்டு காய் நறுக்கியவர் எழுதிய வரி அது.

அவர் இறந்தபின் போஃபோர் அந்தக் குறிப்புகளையும் கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டார். சமையலறையிலும் செருப்புப் பட்டறையிலும் கழிந்த வாழ்க்கை என்பதால் எழுதி வைத்தது கொஞ்சம்தான். அதில் ஒரு கடிதம் தன் ஜெப வழக்கத்தைப் பற்றி விடாமல் கேட்டு நச்சரித்த ஒருவருக்கு எழுதியது. எழுதவே மனமில்லை, நீங்கள் இவ்வளவு வற்புறுத்துவதால்தான் எழுதுகிறேன், இதை யாரிடமும் காட்டக் கூடாது, காட்டுவீர்கள் என்று தெரிந்தால் எழுதவே மாட்டேன் என்று நிபந்தனை போட்டுத்தான் அதைத் தொடங்குகிறார். அந்தக் கடிதமும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.